எந்நூலில் உள்ளது?

மேடைப் பேச்சிலும் திருமண அழைப்பிதழிலும் நாட்காட்டித் தாளிலும் வழங்கிவரும் பொன்மொழிகள் பத்தைத் திரட்டி, ஒவ்வொன்றும் எந்நூலில் உள்ளது என்று மாணவரைக் கேட்கும் போட்டியொன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் போடிநாயக்கனூரில் மீலாது விழாவையொட்டி நடத்தினோம். வினாக்களைத் தொகுத்தவரும் விடைகளைத் திருத்தியவரும் நாமே.

எல்லா ஊரையும் தன் ஊராகக் கொண்ட புலவரின் வாக்கிற்குப் பாதிப்பேர் திருக்குறள் என்று எழுதியிருந்தனர். அது புறநானூற்றின் 192ஆம் பாட்டு. பாடியவர் கணியன் பூங்குன்றனார். குலம் ஒன்று, இறைவன் ஒருவன் என்னும் கருத்துடைய வாசகத்திற்கு அறிஞர் அண்ணா என்பது பலருடைய விடை. அண்ணா அவர்கள் அதனை நாடெங்கும் பரப்பினார்கள் என்பது மெய். வாசகமோ திருமூலரின் திருமந்திரத்துக்குரியது. சுவையான சொல்லெல்லாம் தாம் அறிந்த பெரியவர் ஒருவருடையதாகவே இருக்கும் என்பது பிள்ளைகளின் ஊகம். பிள்ளைகளை மட்டும் சொல்வானேன்? பத்தாவது வினாவில் நாமும் அதனையே செய்திருந்தோம்.

கல்வியைத் தேடிச் சீனம் வரை செல்வதைப் பற்றிய வாசகம் அது. நாம் குறித்து வைத்திருந்த விடை, 'நபிமொழி'. மலையிலிருந்து இறங்கிவந்து படித்த மாணவன் ஒருவன் மற்ற ஒன்பதிற்கும் சரியாக விடையளித்துவிட்டு, இதற்கு மட்டும் 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தான். முதற்பரிசு வேறொருவனுக்குப் போயிற்று. விழா முடிந்தபின் அவன் தயங்கியபடியே வந்து கேட்டான்: "ஹஜ்ரத், எந்நூல் என்றுதானே கேட்டிருந்தீர்கள்? நபிமொழி என்பது கிதாபின் பெயர் இல்லையே?"

நமக்கு விடை வரவில்லை. எந்தக் கிதாபில் கண்டோம் என்று எண்ணிப் பார்த்தால், கிதாபில் கண்டதாகவே நினைவில்லை; மேடையில் கேட்டோம், மேடையில் சொன்னோம். தம் பெயரால் பொய்யுரைப்பதைக் குறித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்த ஹதீஸை எத்தனையோ முறை மாணவருக்கு ஓதிக்கொடுத்தவர் நாம்.

அன்றிரவே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்' நூலை எடுத்துப் புரட்டினோம். கல்வியைப் பற்றிய முதற்பகுதியிலேயே அவ்வாசகம் இருக்கிறது. அவ்வளவில் மனம் நிறைந்திருக்கும், பக்கத்தின் அடியிலே வேறொரு கை எழுதியிருப்பதைப் பாராதிருந்தால்.

அந்தக் கை ஹாபிஸ் ஸைனுத்தீன் அல்இராக்கீ அவர்களுடையது. கஸ்ஸாலி இமாம் மறைந்தது ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111). இஹ்யாவில் அவர்கள் எடுத்தாண்ட ஹதீஸ்களுக்கு அறிவிப்பாளர் தொடர் குறிக்கப்படவில்லை. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்தபின், இப்னு ஹஜர் அஸ்கலானீ போன்றோருக்கு ஆசிரியராய் விளங்கிய இராக்கீ, அந்த ஹதீஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது இன்ன நூலில் இன்னார் வழியாக வந்தது, இதன் தொடர் வலுவுடையது, இது வலுவற்றது என்று எழுதிக்கொண்டு போனார்கள். இக்கலைக்குத் தக்ரீஜ் என்று பெயர். தேடியும் கிடைக்காத இடங்களில் இதற்கு மூலம் காணவில்லை என்று கூசாமல் எழுதினார்கள். கஸ்ஸாலி இமாமின் புகழ் அவர்கள் பேனாவைத் தடுக்கவில்லை. அந்தக் குறிப்புகளால் கஸ்ஸாலி இமாமின் புகழ் குறையவுமில்லை. ஹிஜ்ரி 806இல் (கி.பி. 1404) இராக்கீ மறைந்தார்கள். இன்று அச்சாகும் இஹ்யாவின் பல பதிப்புகளில் இருவருடைய எழுத்தும் ஒரே தாளில் மேலும் கீழுமாக நிற்கின்றன.

சீன வாசகத்தைப் பற்றி அவர்கள் தரும் செய்தி இது: இப்னு அதீயும் பைஹகீயும் அதனை அனஸ் (ரலி) அவர்கள் வழியாக வந்ததாகப் பதிந்திருக்கிறார்கள், ஆயின் வாசகம் புகழ்பெற்றது, தொடர்கள் வலுவற்றவை என்பது பைஹகீயின் தீர்ப்பு. இப்னுல் ஜவ்ஸீ (மறைவு ஹிஜ்ரி 597) இன்னும் ஒருபடி மேலே சென்று, புனையப்பட்டவற்றைத் தொகுத்த தம் நூலில் இதனைச் சேர்த்துவிட்டார்கள். ஹிஜ்ரி 902இல் (கி.பி. 1497) மறைந்த ஸகாவீயும் அவர்களுக்குப் பின்வந்த அஜ்லூனீயும் மக்கள் நாவில் புழங்கும் வாசகங்களை மட்டுமே திரட்டி மூலம் தேடித் தனி நூல்களே எழுதினார்கள். நம் போட்டியை அவர்கள் எப்போதோ நடத்தி முடித்துவிட்டார்கள், விடைத்தாளும் வெளியாகிவிட்டது. நாம்தான் பார்க்கவில்லை.

இராக்கீ வாழ்ந்த அதே 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகத் தமிழறிஞர் கருதும் நச்சினார்க்கினியரிடம் இதன் மறுபக்கத்தைக் காணலாம். சீவக சிந்தாமணிக்கு உரையெழுதுகையில் அவர் மேற்கோளை அள்ளி வழங்குகிறார். பிறரும் இவ்வாறு கூறினர் என்று சொல்லி நிறுத்திவிடுகிறார். அந்தப் பிறர் யாவர்? அவர் காலத்துப் புலவருக்கு அது வினாவே அன்று. நூல்கள் நாவில் இருந்தன. 1880இல் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சிந்தாமணியைக் கையிலெடுத்த உ.வே. சாமிநாதையருக்கோ அது பெரும் புதிராயிற்று. பழைய ஏடுகளைத் தேடி ஊரூராக அலைந்தார். திருவாவடுதுறை மடத்துச் சுவடிக் கட்டொன்றில், உரையில் துணுக்குகளாய்க் கண்ட அடிகள் முழுப் பாட்டுகளாய் நிற்கக் கண்டதை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். சங்க நூல்களுக்கு அவர் வந்துசேர்ந்த வழி அதுதான். சிந்தாமணி 1887இலும் புறநானூறு 1894இலும் அச்சேறின. ஒரு மேற்கோள் எங்கிருந்து வந்தது என்று கேட்டதன் பயன், நம் பிள்ளைகள் திருக்குறள் என்று எழுதிய அப்பாட்டு இன்று நம் கையில் இருக்கிறது.

பெயர் குறிப்பதன் அருமையைப் புறத்திரட்டு காட்டும். அதனைத் தொகுத்தவர் செய்யுளோடு நூற்பெயரையும் சேர்த்து வைத்தமையால், முழுமையாகக் கிடைக்காத குண்டலகேசிக்கும் வளையாபதிக்கும் சில பாட்டுகளேனும் உறுதியாய் எஞ்சின. உரைகளில் பெயரின்றி நிற்கும் வேறு சிலவற்றை வளையாபதியாக இருக்கலாம் என்று அறிஞர் ஊகித்ததுண்டு. ஊகம் தேடுவதற்கு நல்ல துணை. சாமிநாதையரும் ஊகித்துத்தான் தேடினார். ஏடு கைக்கு வருமுன் அவர் அதனை முடிபாக்கவில்லை. எங்களூரில் ஏலக்காயைக் கையிலிட்டு, நிறத்தையும் பருமனையும் பார்த்து, இன்ன தோட்டத்துச் சரக்கு என்று சொல்லும் வியாபாரிகள் உண்டு. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆயினும் அவர்கள் கணக்கில் எழுதுவது கைக்குப் பட்டதை அன்று, சாக்கின் சீட்டில் உள்ளதை.

இக்காலத்தில் தேடுவது எளிது. வென்சிங்க் என்னும் டச்சு அறிஞர் தொடங்கிவைத்த ஹதீஸ் சொல்லகராதி 1936 முதல் 1988 வரை எட்டுத் தொகுதிகளாக லைடன் நகரில் வெளியாயிற்று. ஒரு சொல் நினைவிருந்தால் ஒன்பது ஹதீஸ் நூல்களில் இடம் காணலாம். இன்று அதுவும் வேண்டாம், கைப்பேசி போதும். ஆனால் அதே கைப்பேசியில் காலைதோறும் நமக்கு வரும் நபிமொழிகளுள் நூற்பெயர் தாங்கி வருபவை எத்தனை!

மாலிக் இமாம் (ரஹ்) அவர்களிடம் ஒருவர் 48 வினாக்கள் கேட்டதாகவும், அவற்றுள் 32இற்கு அவர்கள் அறியேன் என்று விடையிறுத்ததாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. அந்த மாணவன் எழுதிய 'தெரியவில்லை'க்கு நாம் இட்ட மதிப்பெண் சுழியம்.

அடுத்த ஆண்டு மீலாது மேடையில் முந்தைய ஆண்டின் பத்தாவது விடையைத் திருத்திப் படித்தோம். முன்னோர்கள் சொன்ன வாசகத்தைக் குறை சொல்லலாமா என்று பெரியவர் சிலர் வருந்தினார்கள். அவர்களுக்கு இஹ்யாவின் அடிக்குறிப்பைக் காட்டினோம். பரிசு வாங்கவேண்டியவன் அப்போது ஊரில் இல்லை. போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் வேலைக்குப் போய்விட்டானாம். அவனுடைய தாயார் ஏலக்காய் தரம் பிரிக்கும் கிடங்கிலிருந்து வந்து, புறநானூற்றுப் புத்தகத்தைப் பெற்றுக்கொண்டு போனார்கள்.