தானியங்கி வாயிற்கதவு

தானியங்கி வாயிற்கதவு என்பது வீட்டின் வண்டி நுழைவாயிலில் உள்ள கதவை மின்னோடியின் உதவியால் திறந்து மூடும் அமைப்பு ஆகும். வட அமெரிக்காவில் இது பெரும்பாலும் கராஜ் எனப்படும் மூடிய வண்டிக் கொட்டிலின் கதவைக் குறிக்கும். தமிழ்நாட்டு வீடுகளில் மூடிய கொட்டில் அரிது. வண்டி போர்டிகோவின் கீழோ திறந்த முற்றத்திலோ நிற்க, தெருவை ஒட்டிய மதிற்சுவரின் இரும்புக் கதவே அதற்குக் காப்பாக அமைகின்றது. எனவே இங்கு மின்னோடி பொருத்தப்படுவது அந்தக் கதவுக்கே ஆகும். பேச்சு வழக்கில் இது கேட் மோட்டார் எனப்படுகின்றது. விற்பனையில் தொலையியக்கியின் வசதிகளும் மின்னோடியின் திறனும் முன்னிறுத்தப்பட்டாலும், இவ்வமைப்பின் தரம் மின்சாரம் நின்றபோதும், கதவின் பாதையில் ஒருவர் நிற்கும்போதும், மழைக்காலத்திலுமே வெளிப்படுகின்றது.

வரலாறு

மடிப்புகளாகப் பிரிந்து மேல்நோக்கி உயரும் கொட்டில் கதவை அமெரிக்கரான சி. ஜி. ஜான்சன் 1921இல் உருவாக்கினார். அக்கனத்த கதவைத் தூக்க இயலாதோருக்கு உதவும் வகையில் 1926இல் மின்திறப்பியையும் அவரே அமைத்தார். வானொலி அலைகளால் இயங்கும் தொலையியக்கிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பரவின. தொடக்ககாலக் கருவிகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே வகைக் குறிகையை அனுப்பியதால், ஒருவர் பொத்தானை அழுத்த அண்டை வீட்டுக் கதவும் திறந்துகொள்வது வழக்கமாக இருந்தது.

தமிழகத்தில் பெரிய கதவுகளின் சிக்கலுக்கு வேறொரு தீர்வு நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. கோட்டைகள், பெரிய கோயில்கள் ஆகியவற்றின் பெருங்கதவில் ஓர் ஆள் மட்டும் குனிந்து நுழையத்தக்க சிறு கதவு அமைப்பர். இது திட்டிவாசல் எனப்படும். மின்சாரத்தால் இயங்கும் கதவு வந்த பிறகு இதன் தேவை குறையவில்லை, கூடியுள்ளது என்பதே உண்மை. மேல்மலையனூருக்கு அருகிலுள்ள செஞ்சிக் கோட்டையில், இராசகிரியின் உச்சிக்குச் செல்லும் வழி ஓர் ஆழமான பாறைப் பிளவைக் கடக்கின்றது. அதன்மீது அகற்றத்தக்க மரப்பாலம் ஒன்று இருந்தது. கோட்டையில் வழி அறுபடுவதே பாதுகாப்பு. வீட்டு வாயிலில் நிலைமை நேர்மாறானது: பொறி பழுதானாலும் வீட்டார் வெளியேறவும் உள்ளே வரவும் முடிய வேண்டும்.

வகைகள்

வகையை முடிவு செய்வது பெரும்பாலும் மனையின் அளவே ஆகும்.

தள்ளுகதவு சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நகரும். கதவின் அடியில் பொருத்திய பல்சட்டத்தை மின்னோடியின் பற்சக்கரம் இழுக்கின்றது. எளிய, உறுதியான அமைப்பு இது. ஆயினும், கதவின் அகலம் எவ்வளவோ அவ்வளவு இடம் ஒதுங்குவதற்கும் தேவை. 20 அடி அகல மனையில் 10 அடி வாயில் வைத்தால் எஞ்சிய 10 அடியும் கதவு ஒதுங்குவதற்கே செலவாகும். தூண்களுக்கும் ஆள் நுழையும் சிறு கதவுக்கும் இடமிராது. 30 அடி மனையில் இத்தொல்லை இல்லை. இடம் போதாத இடங்களில் இரு பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் அடுக்குத் தள்ளுகதவு அமைக்கப்படுகின்றது.

இரட்டைக் கதவு கீலில் சுழல்வது. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு தள்ளுதண்டோ மடக்குக் கையோ பொருத்தப்படும். இது உட்புறமாகவே திறக்க வேண்டும். தெருப்பக்கம் திறக்கும் கதவை மின்னோடியுடன் இணைப்பது தவறு. கண்ணில்லாத கதவு ஒன்று நடைபாதையில் வீசப்படுவதற்கு அது ஒப்பாகும். மேல்மலையனூரில் ஒவ்வோர் அமாவாசை இரவும் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்குப் பெருங்கூட்டம் திரள்கின்றது. அத்தகைய ஊர்களில், மதிலோரம் ஆட்கள் அமர்ந்திருப்பதும் வண்டிகள் நிற்பதும் இயல்பு என்பதைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். உட்புறம் திறந்தால் முற்றத்தில் வண்டி நிற்கும் நீளம் குறையும். சிறிய மனைகளில் பலர் தள்ளுகதவை நாடுவதற்கு இதுவே காரணம்.

தகடு அடைத்த இரட்டைக் கதவு காற்றில் பாய்மரம்போல் செயற்படும். 10 அடி அகலமும் 5 அடி உயரமும் கொண்ட கதவின் பரப்பு ஏறத்தாழ 4.65 சதுர மீட்டர். மணிக்கு 72 கி.மீ. வேகக் காற்று அதன்மீது நேராக வீசினால், ஏறத்தாழ 110 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை உண்டாகும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெங்கல் புயலின் காற்று இந்த வேகத்தை ஒட்டியே இருந்தது. கம்பிக் கதவில் இவ்விசை மிகக் குறைவு.

சுருள்கதவு, அதாவது கடைகளில் காணப்படும் ஷட்டர், வீடுகளிலும் சில இடங்களில் பொருத்தப்படுகின்றது. பக்கவாட்டு இடம் வேண்டாம் என்பது இதன் நன்மை. கையால் இயக்கச் சங்கிலி உள்ள மின்னோடியே வாங்கத்தக்கது.

மேலேறும் மடிப்புக் கதவு தொராண்டோ போன்ற நகரங்களில் வாழும் தமிழர் வீடுகளில் காணப்படுவது. இதன் எடையைத் தாங்குவது மின்னோடி அன்று, மேலே முறுக்கி வைக்கப்பட்ட சுருள்வில்லே ஆகும். மின்னோடியைக் கழற்றிவிட்டுக் கதவைப் பாதி உயரத்திற்குத் தூக்கினால் அது அங்கேயே நிற்க வேண்டும். கீழிறங்கினால் வில் தளர்ந்துள்ளது. அந்நிலையில் கூடுதல் குதிரைத்திறன் உள்ள திறப்பியை வாங்குவது பழுதை மறைப்பதாகவே முடியும். முறுக்கிய வில்லைப் பயிற்சியற்றோர் கழற்றுதல் பேராபத்தானது. அங்கு விற்கப்படும் திறப்பிகள் 120 வோல்ட்டு, 60 எர்ட்சு மின்சாரத்திற்கானவை. உறவினர் வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்படும் கருவி, 230 வோல்ட்டு, 50 எர்ட்சு இணைப்பில் நேரடியாக இயங்காது.

எடையும் மின்னோடியும்

தள்ளுகதவு மின்னோடிகள் அவை இழுக்கும் கதவின் எடையைக் கொண்டு தரப்படுத்தப்படுகின்றன. 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 15.7 கிலோகிராம் எடை உடையது. மேற்கூறிய 10 அடி கதவுக்குத் தகடு மட்டுமே 73 கிலோகிராம் ஆகும். சட்டம், அலங்காரக் கம்பி, சக்கரம் எல்லாம் சேர எடை இருமடங்கையும் தாண்டலாம். ஆயினும் எடையைவிட உராய்வே மின்னோடியை விரைவில் அழிக்கின்றது. ஒரு கையால் தள்ளி நகராத கதவுக்கு முதலில் சக்கரமும் தண்டவாளமும் சீர் செய்யப்பட வேண்டும்.

பாதுகாப்பு

அமெரிக்காவில் 1980களில், இறங்கிவரும் கொட்டில் கதவின் கீழ் சிக்கிப் பல குழந்தைகள் உயிரிழந்தனர். இதன் விளைவாக 1990இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1993 சனவரி 1 முதல் உற்பத்தியாகும் வீட்டுத் திறப்பிகள் யு.எல். 325 எனும் தரநிலையின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட வேண்டும். தடை எதிர்ப்பட்டால் கதவு தானே பின்வாங்க வேண்டும் என்பது இதன் மையக் கருத்து. தரையிலிருந்து 6 அங்குலத்திற்கு மிகாத உயரத்தில் பொருத்தப்படும் ஒளிக்கற்றை உணரிகள் பின்னர் பொதுவழக்காயின. ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள மரத்துண்டைத் தரையில் வைத்து, கதவு அதைத் தொட்டதும் மீள்கிறதா எனச் சோதிப்பது எளிய முறையாகும்.

இந்தியாவில் விற்கப்படும் பல தொகுப்புகளில் இவ்வுணரிகள் தனி விலைக்குரியவையாக வைக்கப்படுகின்றன. செலவைக் குறைக்க முதலில் விடப்படுவதும் அவையே. இது தவறான சிக்கனம். குறைந்தது ஓர் இணை உணரியேனும் இன்றித் தானாக மூடிக்கொள்ளும் வசதியை இயக்கலாகாது.

தள்ளுகதவுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. இறுதித் தடுப்பு இல்லாத தண்டவாளத்திலிருந்து சக்கரம் விலகினால் கதவு முழுவதும் சரிந்து விழும். அவ்வாறு விழுந்த கதவின் அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்த செய்திகள் தமிழ்நாட்டிலும் வந்துள்ளன. மின்னோடி இல்லாத கதவிலும் இது நிகழக்கூடியது. இரு முனைகளிலும் பற்றவைத்த தடுப்பும், மேலே கதவைப் பிடித்து நிறுத்தும் வழிகாட்டி உருளைகளும் இருத்தல் கட்டாயம். கதவைப் பற்றித் தொங்கி விளையாடுவது சிறுவர்களின் வழக்கம் என்பதால் இது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது.

மின்தடையும் மழையும்

பெரும்பாலான மின்னோடிகளின் உள்ளே இருக்கும் பற்சக்கர அமைப்பு, மின்சாரம் நின்றதும் கதவைப் பூட்டியதுபோல் பிடித்துக்கொள்ளும். சாவியிட்டு விடுவித்த பின்னரே கையால் தள்ள முடியும். அந்த விடுவிப்பு, மதிலின் உட்புறம் இருக்கும் மின்னோடியில் அமைந்துள்ளது. சாவி கையில் இருந்தும் வெளியே நிற்பவருக்கு அது எட்டாது என்பதைப் பலர் முதல் மின்தடையின்போதே அறிகின்றனர். தனியான சிறு கதவு வேண்டப்படுவது இதனாலேயே ஆகும். விடுவிப்பை வீட்டிலுள்ள முதியவரும் செய்யப் பழகியிருப்பது நல்லது. 2017இல் வட கலிபோர்னியாவில் பரவிய காட்டுத்தீயின்போது, மின்சாரம் இன்றிக் கொட்டில் கதவைத் திறக்க இயலாமல் சிலர் உள்ளே அகப்பட்டனர். அதன்பின் 2019 சூலை 1 முதல் அம்மாநிலத்தில் விற்கப்படும் வீட்டுத் திறப்பிகளில் மின்கலம் கட்டாயமாக்கப்பட்டது. 24 வோல்ட்டு நேர்மின்னோட்ட வகைகள் மின்கலத்துடன் இணங்குவதால், மின்தடை மிகுந்த ஊர்களுக்கு ஏற்றவை.

ஃபெங்கல் புயலின்போது விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. தரையோடு ஒட்டிப் பொருத்தப்பட்ட மின்னோடி இத்தகைய வெள்ளத்தில் மூழ்கிவிடும். சிமெண்டு மேடை கட்டி உயர்த்திப் பொருத்துவதற்கு ஆகும் செலவு சிறியது. நனைந்த இரும்புக் கதவில் மின்கசிவு ஏற்படுவது உயிருக்கே ஆபத்தானது. எனவே நிலத்தொடுப்பும், 30 மில்லிஆம்பியர் கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் காப்புக் கருவியும் தவிர்க்கக்கூடாதவை.

குறிகையின் மறைவு

பழைய தொலையியக்கிகளில் சிறு ஆளிகள் மூலம் குறியெண் நிலையாக அமைக்கப்பட்டது. 8 ஆளிகளால் 256 எண்களும் 12 ஆளிகளால் 4096 எண்களும் மட்டுமே கிட்டும். 2015இல் சாமி கம்கார் என்னும் அமெரிக்க ஆய்வாளர், ஒரு விளையாட்டுக் கருவியை மாற்றியமைத்து இவ்வகைக் கதவுகளை 10 நொடிகளுக்குள் திறந்து காட்டினார். 1990களில் பரவிய மாறும் குறியெண் முறையில் ஒவ்வோர் அழுத்தத்திற்கும் எண் மாறுவதால், முன்னர் பதிவு செய்த குறிகையை மீண்டும் அனுப்புவது பயன்படாது. இம்முறையும் முற்றிலும் உடைக்கப்படாதது அன்று. ஆயினும் அதனை மீற முயற்சியும் கருவியும் தேவை. தெருக்கடையில் நகல் எடுக்க முடிகிற தொலையியக்கி, பொதுவாக நிலையான குறியெண் கொண்டதே ஆகும்.

பராமரிப்பு

தண்டவாளத்தில் மணலும் சருகும் சேராமல் பார்த்தல் முதன்மையானது. மின்னோடிப் பெட்டியின் வெப்பத்தை நாடிப் பல்லியும் எறும்பும் உட்புகுந்து மின்சுற்றுப் பலகையைக் கெடுப்பது அடிக்கடி நேரும் பழுது. கம்பி நுழையும் துளைகளை அடைத்துவிட்டால் இது பெரும்பாலும் தவிர்க்கப்படும். உணரிகளின் கண்ணாடியை மாதம் ஒருமுறை துடைத்து, மரத்துண்டுச் சோதனையையும் அத்துடன் செய்வது வழக்கமான பரிந்துரை ஆகும்.