பட்டடை, பட்டறை, பெங்கெல்

சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் என்று மலேசியாவின் கெடா மாநிலத்தில் எந்த ஊருக்குப் போனாலும், அடிபட்ட காடியைச் சீராக்கும் கடையின் பலகையில் இரண்டு மலாய்ச் சொற்களைப் பார்க்கலாம். ஒன்று பெங்கெல், மற்றது கெத்தோக். கடை என்று பொருள்படும் விங்கெல் என்ற டச்சுச் சொல் மலாய் நாவில் உருண்டு பெங்கெல் ஆயிற்று. கெத்தோக் என்றால் தட்டுவது. கூடவே வரும் சாயத்துக்கான சொல்லையும் சேர்த்தால், தட்டிச் சாயம் பூசும் கடை என்பது பலகையின் முழுப்பொருள். தமிழ்நாட்டில் இதே தொழிலை டிங்கரிங் என்பார்கள்; ஊர் ஊராகப் போய்ப் பாத்திரம் பழுதுபார்த்த ஆங்கிலேயத் தகரவேலைக்காரனின் பெயர் அது. ஆக மலாய் தட்டும் செயலைப் பெயராக்கிக்கொண்டது, ஆங்கிலம் தட்டும் ஆளைப் பெயராக்கிக்கொண்டது. நம்முடைய பழஞ்சொல் பட்டறை. இதில் சுத்தியலும் இல்லை, சுத்தியல் பிடித்த ஆளும் இல்லை. அடிக்கப்படும் உலோகத்துக்கு அடியில் கிடக்கும் பொருளின் பெயர் இது. கையால் தகடு வளைத்துக் காடிக்கு உடல் செய்யக் கற்பவர் எதை முதலில் புரிந்துகொள்ள வேண்டுமோ அதையே இந்தச் சொல் பிடித்து வைத்திருக்கிறது என்பேன்.

பட்டறையின் மூத்த வடிவம் பட்டடை. திருக்குறளில் கூடா நட்பு அதிகாரத்தின் முதற்குறளில், 821ஆம் குறளில், அந்தச் சொல் வருகிறது. மனம் ஒன்றாமல் ஒன்றியவர்போல் நடிப்பவரின் நட்பு, சமயம் வாய்த்தபோது ஓங்கி அடிப்பதற்கு உதவும் பட்டடை என்கிறார் வள்ளுவர். உவமையின் கூர்மை பட்டறைக்காரருக்கே முழுதாக விளங்கும். பட்டடை இரும்பைத் தாங்குவதுபோல் தோன்றும். ஆனால் அடியின் பாதி வேலையைச் செய்வது அதுதான். கீழே ஒன்றும் இல்லாவிட்டால் மேலிருந்து விழும் அடி இரும்பைத் தள்ளிவிட்டுப் போகும், உருமாற்றாது. புறநானூற்றின் 170ஆம் பாட்டு இதே பொருளை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறது. கொல்லன் வீசும் கூடத்தோடு மோதி நிற்கும் உலைக்கல்லாக அங்கே ஒரு வீரன் காட்டப்படுகிறான். ஒரு புலவருக்கு உறுதியாகப் பட்டது இன்னொருவருக்கு வஞ்சகமாகப் பட்டிருக்கிறது. ஆனால் அடிப்பதில் பாதி அடியில் இருக்கிறது என்பதை இருவருமே அறிந்திருந்தார்கள். இடையில் ஒரு வேடிக்கை: சங்கப் பாட்டில் கூடம் என்பது சம்மட்டி, இன்று தொழிற்கூடம், ஆய்வுக்கூடம் என்னும்போது அது கட்டடம். ஒலி ஒன்று, சொல் வேறு. இப்படிப்பட்ட ஒற்றுமைகளில் வழுக்கி விழுவது சொல்லாராய்ச்சியில் வெகு எளிது. அந்த எச்சரிக்கையோடே மேலே போக வேண்டும்.

பட்டடை எப்படிப் பட்டறை ஆயிற்று? அறை என்று முடிவதால் பட்டறை ஏதோ ஒரு வகை அறை, வேலை செய்யும் அறை என்று பலர் நினைக்கிறார்கள். இதற்கு அண்டை மொழிகள் மறுப்புச் சொல்கின்றன. கன்னடத்தில் பட்டடி, தெலுங்கில் பட்டெட. இரண்டிலும் டகரமே இருக்கிறது, இரண்டுக்கும் கொல்லன் உலோகத்தை வைத்து அடிக்கும் கல் அல்லது இரும்பு என்பது பொருள். பரோவும் எமனோவும் தொகுத்து 1961இல் வெளிவந்து 1984இல் திருந்திய பதிப்பு கண்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, இவற்றைத் தமிழ்ப் பட்டடையோடும் பட்டறையோடும் ஒரே குடும்பமாக வைக்கிறது. டகரம் மூத்தது, றகரம் பின்னால் வந்தது என்றே இதைப் படிக்க வேண்டும். கல்லின் பெயர் அது கிடந்த கொட்டகைக்கும் ஆகிவந்த பிறகு, பேசுபவர்களின் காதில் அறை என்ற சொல் தானாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியானால் பெரம்பலூர்ப் பக்கத்தில் வெங்காயப் பட்டறை என்கிறார்களே, அங்கே எந்தக் கல்லில் எந்தச் சம்மட்டி விழுகிறது என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்விதான். அறைக் கொள்கைக்கு இருப்பதிலேயே வலுவான சான்று அது. ஆனால் சின்ன வெங்காயத்தைச் சேமிக்கும் அந்தப் பட்டறையின் உயிரும் அடியில்தான் இருக்கிறது. தரையில் கொட்டினால் அழுகிவிடும் என்பதால், காற்றுப் புகும்படி அடித்தளத்தை உயர்த்தி, அதன்மேல் வெங்காயத்தைக் குவிக்கிறார்கள். தாங்கும் தளம் என்ற பொருளை நடுவில் வைத்தால் கொல்லனின் கல்லும் வெங்காயத்தின் மேடையும் ஒரே சொல்லுக்குள் இயல்பாக அடங்கும். அறை என்ற பொருளை நடுவில் வைத்தால், குறள் நிற்க இடமே இல்லை. கொல்லர்கள் இதே பொருளுக்கு அடைகல் என்று இன்னொரு பெயரும் வைத்திருப்பது என் பக்கத்துக்குக் கூடுதல் வலு.

இனித் தொழிலுக்கு வருவோம். காடியின் வெளித்தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ளது. ஒடுக்கு விழுந்த கதவில் நடுவே ஒரு பள்ளமும், அதைச் சுற்றி வெளியே புடைத்த ஒரு வரம்பும் இருக்கும். வலக்கையில் சுத்தியல். இடக்கையில், தகட்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள ஓர் இரும்புக்கட்டி. ஆங்கிலம் வழி வந்த பெயரால் டாலி என்கிறார்கள். முட்டை வடிவம், குதிகால் வடிவம், தண்டவாளத் துண்டு வடிவம் என்று அதற்குப் பல உருவங்கள்; தகட்டில் எந்த வளைவு வேண்டுமோ அதற்கு ஏற்ற முகத்தைத் தேர்ந்து வைக்க வேண்டும். கற்பவர் முதலில் கற்பது இரண்டு அடிகள். கட்டிக்கு நேர் மேலே அடித்தால் தகடு இரண்டு இரும்புகளுக்கு நடுவே நசுங்கி மெலிந்து, பரப்பில் விரியும். கட்டியைப் பள்ளத்துக்குப் பின்னால் அழுத்திப் பிடித்து, அருகில் புடைத்த வரம்பின்மேல் அடித்தால் வரம்பு இறங்கும், பள்ளம் ஏறும், தகடு விரியாது. முன்னதில் கணீரென்று ஓசை கேட்கும், பின்னதில் ஓசை மந்தமாக இருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் எல்லாவற்றையும் கட்டியின் மேலேயே அடித்துத் தீர்ப்பவரின் தகடு, அளவுக்கு மேல் விரிந்து, விரலால் அழுத்தினால் எண்ணெய் டப்பாவின் அடிபோல் டப்பென்று உள்ளே போய் டப்பென்று வெளியே வரும். பிறகு அதைச் சிறு சிறு புள்ளிகளாகச் சூடேற்றி, ஈரத்துணியால் குளிர்வித்துச் சுருக்க வேண்டியதுதான். அடி எங்கே விழுகிறது என்பதைக் கண் பார்த்துக்கொள்ளும். அதனால் என்ன விளையும் என்பதை முடிவு செய்வது பார்வைக்கு அகப்படாத இடக்கை. கெத்தோக் என்ற சொல் வலக்கையோடு நின்றுவிடுகிறது.

ஒடுக்கு எடுப்பது பழுதுவேலை. தட்டையான தகட்டிலிருந்து ஒரு மட்காட்டையே புதிதாக எழுப்புவது அதைவிடப் பெரிய வித்தை. அங்கே அடியிலிருப்பதன் ஆட்சி இன்னும் வெளிப்படையானது. முதல் அடிகள் மெத்தென்ற இடத்தில் விழ வேண்டும்: குழி வெட்டிய மரக்கட்டையிலோ மணல் நிரப்பிய தோல்பையிலோ. அங்கேதான் தகடு பயமில்லாமல் குழியும். ஓரங்கள் சேலைக் கொசுவம்போல் மடிந்து எழும். அந்த மடிப்புகளைத் தப்பவிடாமல் தங்களுக்குள்ளேயே அடித்து அமுக்கினால் ஓரம் சுருங்கிக் கனக்கும். நடுவில் விரிதல், ஓரத்தில் சுருங்குதல், இரண்டும் சேர்ந்ததே வளைவு. கடைசியில் சொரசொரப்பை எடுக்க, கடினமான, பளபளவென்று தேய்த்த இரும்பு அடியில் வர வேண்டும். மெத்தென்றதில் தொடங்கிக் கடினத்தில் முடிக்கும் இந்த வரிசை செம்புக்குடம் அடிக்கும் கன்னார் அறியாததன்று. தஞ்சாவூர்க் கலைத்தட்டு செய்பவர்கள் தகட்டுக்கு அடியில் அரக்குக் கலவையை வைத்து உருவம் எழுப்புவதும் இதே அறிவுதான். ஐரோப்பியத் தகட்டுக்காரர்களிடம் சக்கர இயந்திரம் ஒன்று உண்டு. மேலே தட்டையான பெரிய சக்கரம், கீழே நடுப்புடைத்த சிறிய சக்கரம், இரண்டுக்கும் இடையே தகட்டை முன்னும் பின்னும் ஓட்டினால் அது மெல்ல வளைவு கொள்ளும். கெடாவில் ரப்பர்ப் பாலை உறையவைத்து, உருளைகளுக்கு இடையே விட்டு ஷீட் எடுத்த குடும்பங்களுக்கு இந்த இயந்திரத்தை விளக்க அதிகம் பேச வேண்டாம். உருளைகளில் ஒன்று தொப்பை வைத்திருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தாலே போதும். அந்தத் தொப்பைச் சக்கரத்தை ஆங்கிலத் தொழிலாளர்கள் இன்றும் பட்டடை என்ற பொருளுடைய சொல்லாலேயே அழைக்கிறார்கள். சுழலும் சக்கரமாகிவிட்டாலும் அதற்குப் பெயர் பட்டடைதான்.

கெடாவைப் பற்றி எழுதும்போது கையைக் கட்டிப்போட வேண்டிய இடம் ஒன்று உண்டு. கடாரம் என்ற இதன் பழந்தமிழ்ப் பெயருக்குக் கொப்பரை, பெரிய உலோகப் பாத்திரம் என்றும் பொருள் இருக்கிறது. வடமொழியிலும் இந்த நாட்டைக் கடாகம் என்பார்கள், அதற்கும் கொப்பரை என்று பொருள். செமிலிங் அருகே சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் பழைய இரும்பு உருக்கு உலைகளும், துருத்திக் காற்றை உள்ளே விடும் சுட்டமண் குழாய்களும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. இவற்றையெல்லாம் கோத்து, 1025இல் ராஜேந்திர சோழன் படையெடுத்து வந்த கடாரத்தின் மண்ணிலேயே தமிழனின் பட்டறை இருந்தது என்று ஒரு மாலை கட்டிவிடலாம். மேடையில் கைத்தட்டலும் விழும். ஆனால் ஊர்ப்பெயரின் ஒலி பாத்திரத்தின் பெயரோடு ஒத்துப்போவதால் அந்த ஊர் பாத்திரத்தால் பெயர் பெற்றதென்று ஆகிவிடாது. இரும்பு உருக்கிய இடம் தகடு வளைத்த இடமும் ஆகாது. உலையில் நின்றவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்பதை உலைக்கழிவு சொல்லாது. நமக்கு இங்கே வேண்டிய சான்று இதைவிட எளியது, அன்றாட மலாயிலேயே இருக்கிறது. கொல்லனின் பட்டடைக்கு மலாயில் லண்டாசான் என்று பெயர். அதே சொல்தான் விமானம் ஓடும் பாதைக்கும் ரயில் தண்டவாளத்துக்கும். ஒரு கருத்துக்கு அடிப்படையாக இருப்பதைச் சொல்லும்போதும் அதே வேர்தான் வருகிறது. பட்டடையைத் தாங்கும் தளமாகப் பார்த்தது தமிழ் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அண்டைவீட்டுச் சாட்சி வேண்டாம். கடை, பெட்டி, கப்பல் என்று எத்தனையோ சொற்களைத் தமிழிடமிருந்து வாங்கிக்கொண்ட மலாய், பட்டறையை மட்டும் விட்டுவிட்டு டச்சுக்காரனின் கடையைப் பிடித்துக்கொண்டது நமக்கு ஒரு சின்ன இழப்பு.

இவ்வளவும் பழங்கதை, இன்று யார் தகட்டை அடிக்கிறார்கள் என்ற ஆட்சேபம் உடனே எழும். நியாயமானதுதான். கூலிமில் இனோகோம் ஆலையும் குரூணில் பெஜோ ஆலையும் காடிகளைப் பூட்டிக் கோக்கும் மாநிலம் இது. கதவு நசுங்கினால் கதவையே மாற்றிவிடுவார்கள். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் ஹாஃப் கட் உடல்களில் முன்பாகம் முழுதாகவே கிடைக்கும். மாற்ற முடியாததைப் பட்டி பூசித் தேய்த்து மறைத்துவிடலாம். பட்டடை செய்த வேலையைப் பட்டி எடுத்துக்கொண்டது. ஓரெழுத்து குறைந்ததில் உழைப்பும் குறைந்தது. ஆனால் இந்த வாதம் புதிய காடிகளுக்கே பொருந்தும். மோரிஸ் மைனருக்கும் பழைய ஃபோக்ஸ்வேகனுக்கும், 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவுக்கும்கூடத் துருப்பிடித்த பாகம் அப்படியே கடையில் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. தனக்கென்று ஒரு வடிவம் வேண்டுபவருக்கோ எந்தக் கடையிலும் கிடைக்காது. கனமாகப் பூசிய பட்டி காலப்போக்கில் வெடித்து, உள்ளே ஈரம் புகவிட்டு, பூசிய இடத்தைப் பூசாத இடத்தைவிட மோசமாக்கும். ஆகவே தேவை சுருங்கியிருக்கிறது, மறையவில்லை. சுருங்கிய தேவைக்குச் சில கைகளே போதும், ஆனால் அவை தேர்ந்த கைகளாக இருந்தாக வேண்டும்.

இன்னோர் ஆட்சேபம் மொழியியலாரிடமிருந்து வரும். சொல்லின் வேர்ப்பொருளே உண்மைப்பொருள் என்பது பழைய மயக்கம்; பட்டறை என்பவர் யாரும் இன்று கல்லை நினைப்பதில்லை; எழுத்துப் பட்டறை, சிறுகதைப் பட்டறை என்று சுத்தியலே இல்லாத இடத்துக்கும் இந்தச் சொல் போய்விட்டது; பெங்கெல்லும் அதே வழியில் போயிற்று. இது முழுக்கச் சரி. ஆங்கிலத்தைப் பார்த்து இரு மொழிகளும் எடுத்து வைத்த அடி அது, குறைசொல்ல ஒன்றுமில்லை. வேர்ப்பொருள் தொழிலைக் கற்பித்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. தகடு பற்றிய உண்மை தகட்டிலிருந்தே தெரிகிறது; சொல் இல்லாவிட்டாலும் அது உண்மைதான். ஆனால் கற்பிப்பவருக்குப் பெயர்கள் வேண்டும். டாலி என்பது தமிழ்க் காதில் எதையும் எழுப்பாத வெற்றொலி. அதைக் கைப்பட்டடை என்று சொன்னால், கொல்லன் தரையில் நட்ட கல்லைத்தான் நாம் உள்ளங்கையில் தூக்கிப் பிடித்திருக்கிறோம் என்பது சொன்ன மாத்திரத்தில் விளங்கும், கட்டியைச் சும்மா ஒட்டிப் பிடிக்காமல் ஊன்றிப் பிடிக்க வேண்டும் என்பதும் கூடவே விளங்கும். ஒரு கலைச்சொல்லிடம் இதற்குமேல் கேட்க எதுவும் இல்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடியிருப்புகளாக மாறிய கெடாவில், தொழிலைக் கையால் கற்ற மூத்தவர்களின் அறிவுக்கு இன்று ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழை, வகுப்பில் உட்காராமலே, பணி அனுபவத்துக்கான சான்றுகளைக் காட்டியும் பெறலாம். அப்படிச் சான்றிதழ் பெற்று, பழகவரும் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்க முன்வரும் பட்டறைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: முதல் நாள் சுத்தியலைக் கொடுக்காதீர்கள். இடக்கையில் அந்த இரும்புக்கட்டியைக் கொடுத்து, அதன் பெயர் கைப்பட்டடை என்று சொல்லுங்கள்.