டிக்கெட்டுக்காக வரைந்த போர்க்களம்

பென்சில்வேனியாவில் உள்ள, அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் கல்லாலும் வெண்கலத்தாலும் ஆன நினைவுச்சின்னங்கள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றுக்கு நடுவே, ஊர் ஊராக அலைந்து, அடிபட்டு, கிழிபட்டு வந்து சேர்ந்தது ஒரு துணி. வட்ட அரங்கின் நடுமேடையில் ஏறி நின்றால், சுற்றிலும் 377 அடி நீளம், 42 அடி உயரத்துக்கு ஓவியம். 1863 ஜூலை 3 பிற்பகலில் தென்மாநிலப் படையினர் சுமார் 12,500 பேர் திறந்த வயலைக் கடந்து கல்வேலியை முட்டிய நேரம் அதில் இருக்கிறது. பாதிப் பேர் செத்தோ, காயப்பட்டோ, பிடிபட்டோ போனார்கள்.

வரையச் சொன்னது அரசும் அல்ல, போர்வீரர் சங்கமும் அல்ல, சிகாகோ வியாபாரிகள். சினிமா வராத காலம், டிக்கெட் வாங்கிப் போரைப் பார்க்கக் கூட்டம் இருந்தது. பாரிஸ் ஓவியர் பால் ஃபிலிப்போட்டோ 1882இல் களத்துக்கே வந்தார். உள்ளூர்ப் புகைப்படக்காரர் வில்லியம் டிப்டனை உயரமான மேடையில் ஏற்றி, நாலாபுறமும் படம் எடுக்க வைத்தார். ஹான்காக், வெப் போன்ற வடமாநிலப் படைத் தளபதிகளிடம் விசாரித்தார். 1883இல் சிகாகோவில் முதல் ஓவியம் சக்கைப்போடு போடவே, பாஸ்டனுக்கு இரண்டாவது தயாரானது. 1884 டிசம்பரில் திறந்த அந்த ஓவியம்தான் இப்போது கெட்டிஸ்பர்க்கில் இருப்பது.

ஓவியத்தின் அடியில் நிஜ மண், நிஜ வேலி, உடைந்த வண்டிச் சக்கரம் எல்லாம் பரப்பி, தரை எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாதபடி செய்திருந்தார்கள். மரத்தில் சாய்ந்து, வாளும் கையுமாக நிற்கும் அதிகாரிக்குத் தன் முகத்தையே கொடுத்துவிட்டார் ஃபிலிப்போட்டோ. வைக்கோற்போர்கள் மட்டும் ஐரோப்பிய பாணியில் நிற்கின்றன. பென்சில்வேனியா விவசாயி பார்த்தால் சிரித்திருப்பார்.

மோகம் தணிந்ததும் ஓவியம் பெட்டிக்குள் போனது. திறந்தவெளியில் மழையும் தீயும் அதைப் பதம் பார்த்தன. 1910இல் நியூவார்க் நகர வணிகர் ஆல்பர்ட் ஹானே வாங்கி, துண்டு துண்டாகத் தன் பல்பொருள் அங்காடியில் தொங்கவிட்டார். துணிமணி வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பீரங்கிப் புகையைப் பார்த்தார்கள்! போரின் 50ஆம் ஆண்டான 1913இல் கெட்டிஸ்பர்க்குக்கு வந்தது. அங்கும் கணப்பு வசதி இல்லாத கட்டடம். இத்தனை அலைச்சலில் மேலே இருந்த வானம் பல அடி போயே போய்விட்டது.

1942இல் அரசு வாங்கியது. 1962இல் ரிச்சர்ட் நியூட்ரா வடிவமைத்த புதுக் கட்டடத்தில் ஏற்றினார்கள். அங்கே திரைச்சீலை மாதிரித்தான் தொங்கியது. இப்படிப்பட்ட ஓவியத்தை மேலும் கீழும் இழுத்துக் கட்டினால் நடுப்பகுதி பார்வையாளரை நோக்கிப் புடைத்து வரும். கண்ணுக்கு ஆழம் தெரிவதில் அந்தப் புடைப்புக்கும் பங்கு உண்டு. ஒரு கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் புடைப்பையும் வானத்தையும் மீட்டு, 2008 செப்டம்பரில் புதிய அருங்காட்சியகத்தில் திறந்தார்கள்.

நியூட்ராவின் கட்டடம் காலியாக நின்றது. அது எழும்பியிருந்ததோ வடபடை அணிவகுத்து நின்ற அதே இடத்தில். நவீனக் கட்டடக் கலை அன்பர்கள் நீதிமன்றம்வரை போனார்கள். அவர்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனாலும் போரை வரைந்த துணிக்காகப் போர் நடந்த மண்ணையே மூடியது என்ன கணக்கு? 2013இல் இடித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், ஐம்பது ஆண்டு தாமதம்.