புறநோயாளர் மருத்துவமும் பொதுக் கொள்முதலும்: தமிழ்நாட்டு அனுபவம்

எப்போதோ நேரக்கூடிய பெருஞ்செலவைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடே காப்பீடு. விபத்துக்கும் இதய அறுவைக்கும் அது பொருந்தும். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வேறு வகை. அவற்றின் செலவு மாதம் தவறாமல் வரும். உறுதியாக வரப்போகும் செலவைக் காப்பீட்டின் வழியே கொடுத்தால் மருந்தின் விலையோடு கோரிக்கைகளைச் சரிபார்க்கும் செலவும் சேரும். அன்றாட மருத்துவத்துக்குக் காப்பீட்டை நீட்டுவது தவறான வழி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. ஆனால் அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. காப்பீட்டு அட்டை இருந்தும், தனியார் மருத்துவரிடம் செல்பவர் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையைக் கைக்காசு கொடுத்தே வாங்குகிறார்.

இந்த இடைவெளியைத் தமிழ்நாட்டில் பெரிதும் நிரப்புவது 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். இன்றியமையா மருந்துகளைப் பட்டியலிட்டு, வணிகப் பெயரில் அல்லாமல் மூலக்கூற்றுப் பெயரில், மாநிலம் முழுவதற்கும் சேர்த்து அது ஒப்பந்தப்புள்ளி கோருகிறது. கொள்முதல் பெரிதாகும்போது விலை இறங்குகிறது. வந்த மருந்துகள் ஆய்வகச் சோதனைக்குப் பிறகே கிடங்கிலிருந்து வெளியேறும். ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ் புத்தகம் உண்டு. அதில் ஒதுக்கிய தொகைக்குள் தனக்கு வேண்டியதை அது எடுத்துக்கொள்ளலாம். மேலிருந்து திணிக்காமல் கீழிருந்து கேட்டுப் பெறும் இந்த முறைதான், என் மதிப்பீட்டில், கழகத்தின் தலையாய சாதனை. கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதே வழியில் கழகங்களை அமைத்தன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை நோய், இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கிறது.

தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐயும் காப்பீடுதானே, அது புறநோயாளரையும் கவனிக்கிறதே என்று கேட்கலாம். தொழிலாளி ஊதியத்தில் 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்தும் அத்திட்டம் பயன்படுவதற்குக் காரணம், அதற்கென்றே மருந்தகங்களும் மருத்துவர்களும் இருப்பது. சேவையை நேரடியாக வழங்குவதே அங்கும் பலன் தருகிறது. ஆனால் கட்டடத் தொழிலாளரும் விவசாயக் கூலிகளும் பெரும்பாலும் அதற்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

வலுவான மறுப்பு வேறொன்று. அரசு மருத்துவமனையின் காலை நேரப் புறநோயாளர் வரிசையில் நின்றால் தினக்கூலிக்காரருக்கு அன்றைய கூலி போய்விடும். இலவச மருந்து அவருக்கு இலவசமல்ல. அதனால்தான் பலர் மாலையில் தனியார் கிளினிக்கை நாடுகிறார்கள். 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட 1000 முதல்வர் மருந்தகங்கள் குறைந்த விலையில் ஜெனரிக் மருந்துகளை விற்கின்றன. எனினும் மருத்துவர் வணிகப் பெயரில் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்வரை அவற்றின் பயன் முழுமையாகாது.

ஆகவே காப்பீட்டுத் தவணைக்கென அரசு கூடுதலாக ஒதுக்க எண்ணும் பணம், மாலையிலும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மருந்துக் கொள்முதலுக்கும் முதலில் போக வேண்டும்.