ஆட்டுக்குட்டியும் புலியும் பாடிய பிளேக்



காலுறை வியாபாரியின் மகனாக 1757இல் லண்டனில் பிறந்த வில்லியம் பிளேக், செப்புத் தகட்டில் படம் செதுக்கிப் பிழைத்தவர். 1794இல் பாட்டும் படமுமாக ஒரு நூல் தந்தார். அதில் ஆட்டுக்குட்டி கள்ளமில்லா மனத்துக்கு அடையாளம். புலி, அச்சம் தரும் ஆற்றலுக்கு. இரண்டையும் படைத்தவன் ஒருவன்தானா என்று நம்மை யோசிக்க வைக்கிறார்.

அந்த ஊரில் ஏழைப் பிள்ளைங்களைப் புகைக்கூண்டு சுத்தம் பண்ண விடுவாங்க. பிளேக்கின் பாட்டில் அப்படியொரு பிள்ளை பனியில் அழுகிறது. பெற்றோரோ தேவாலயத்தில் கும்பிடுகிறார்கள். பிள்ளையை வாட்டிவிட்டுச் செய்யும் பூசை பூசையா?

1782இல் திருமணப் பதிவேட்டில் அவர் மனைவி கேத்தரின் போட்டது, கைநாட்டுப் போல வெறும் பெருக்கல் குறிதான். பிளேக் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பிறகு அந்தம்மாவே அவர் படங்களுக்கு வண்ணம் தீட்டினார்.

பெற்றோர்களே, பிள்ளை கையில் புத்தகம் இருக்கட்டும், அதுவும் வழிபாடுதான்!