எர்ஸ்கின் பிரபு

எர்ஸ்கின் பிரபு (ஜான் பிரான்சிஸ் ஆஷ்லி எர்ஸ்கின், 26 ஏப்ரல் 1895 – 3 மே 1953) இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் இருந்த கன்சர்வேட்டிவ் கட்சி அரசியலர். 1934 நவம்பர் முதல் 1940 மார்ச் வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தார். நீதிக்கட்சி ஆட்சியின் கடைசி ஆண்டுகள், 1937 தேர்தல், ராஜாஜியின் முதல் அமைச்சரவை, முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் ஆகிய நான்கும் அவர் காலத்தில் நடந்தவை. தமிழகத்தின் இன்றைய அரசியல் பெருமளவு அந்த ஐந்தேகால் ஆண்டுகளில் உருக்கொண்டது. அப்போது சென்னைக் கோட்டையின் தலைமை நாற்காலியில் இருந்த இந்த ஸ்காட்லாந்துக்காரரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது குறைவு.

பிறப்பும் பட்டமும்

தந்தை வால்டர் எர்ஸ்கின், மார் என்னும் பழைய ஸ்காட்லாந்துப் பிரபுத்துவத்தின் 12ஆவது ஏர்ல்; கெல்லியின் 14ஆவது ஏர்ல். தாய் வயலெட், ஷாப்ட்ஸ்பரி ஏர்லின் மகள். குடும்பத்தின் பூர்விகம் ஸ்காட்லாந்தின் ஆலோவா. ஏர்ல் ஒருவரின் மூத்த மகன், தந்தை உயிரோடிருக்கும்வரை, குடும்பத்தின் துணைப் பட்டங்களில் ஒன்றைத் தன் பெயராக வைத்துக்கொள்வது அங்கே மரபு. ‘எர்ஸ்கின் பிரபு’ என்பது அத்தகைய மரியாதைப் பட்டம். சட்டத்தின் கண்ணில் அவர் சாதாரணக் குடிமகன்தான். பிரபுக்கள் சபையில் அவருக்கு இடம் கிடையாது; மக்கள் சபைக்குத் தேர்தலில் நிற்கத் தடையும் கிடையாது. ‘பிரபு’ என்று அழைக்கப்பட்ட ஒருவர் வீடு வீடாக ஓட்டுக் கேட்டது எப்படி என்று வியப்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. தந்தையின் பட்டம் தன்னை வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டிய வாரிசு அவர். அந்தக் காத்திருப்பு அவர் ஆயுளோடு முடிந்தது.

முதல் உலகப் போரில் படையில் பணியாற்றினார். 1919இல் பிரிஸ்டல் மார்க்குவஸின் மகள் மார்ஜரி ஹார்வியை மணந்தார். நான்கு மகன்கள் பிறந்தனர்.

நாடாளுமன்றத்தில்

1922 பொதுத்தேர்தலில் சோமர்செட் பகுதியின் வெஸ்டன்-சூப்பர்-மேர் தொகுதியில் வென்றபோது அவருக்கு வயது 27. அடுத்த ஆண்டே தேர்தல் வந்தது. சுதந்திர வணிகமா, காப்பு வரியா என்ற கேள்வி நாட்டையே பிரித்திருந்த அந்தத் தேர்தலில் லிபரல் வேட்பாளரிடம் தோற்றார். 1924இல் தொகுதியை மீட்டவர் 1934வரை தக்கவைத்துக்கொண்டார். வெஸ்டன்-சூப்பர்-மேர் போலவே, பிற்காலத்தில் அவர் நின்ற பிரைட்டனும் கடற்கரை நகரமே.

1932இல் அரசின் துணைக் கொறடாக்களில் ஒருவரானார். மேடையில் முழங்குவது கொறடாவின் வேலையல்ல. யார் முறுக்கிக்கொண்டிருக்கிறார், யாரை எப்படி வழிக்குக் கொண்டுவரலாம் என்று பார்த்து ஓட்டுகளைச் சேர்த்துவைப்பதே அந்த வேலை. இந்தியாவுக்கு மாகாண சுயாட்சி தரலாமா என்று கன்சர்வேட்டிவ் கட்சிக்குள் சண்டை மூண்டிருந்த காலம் அது. சர்ச்சில் எதிர்ப்பணியின் முன்னணியில் நின்றார். அந்தச் சண்டை இந்திய அரசுச் சட்டமாக 1935இல் முடிவதற்குள் எர்ஸ்கின் சென்னைக்கு வந்துவிட்டார். சட்டத்தை நடத்திக் காட்டும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. கொறடாவாகப் பழகிய கண், கவர்னர் வேலையில் அவருக்கு மிகவும் உதவியது என்பது என் கணிப்பு.

சென்னைக்கு வந்த பிரபுக்கள்

சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மூன்று மாகாணங்களின் கவர்னர்களைச் சீமையின் அரசியல் உலகிலிருந்து அனுப்புவது அன்றைய வழக்கம். மற்ற மாகாணங்களுக்குப் பெரும்பாலும் ஐ.சி.எஸ். அதிகாரிகளே கவர்னர்கள். இரண்டு போர்களுக்கு இடையில் சென்னைக்கு வந்த வில்லிங்டன், கோஷன், ஜார்ஜ் ஸ்டான்லி, எர்ஸ்கின் நால்வரும் முன்பு மக்கள் சபை உறுப்பினர்களாக இருந்தவர்கள். மேட்டூர் அணை திறக்கப்பட்டது ஸ்டான்லி காலத்தில். நீர்த்தேக்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1934 நவம்பர் 15இல் அவரிடமிருந்து பொறுப்பேற்றபோது எர்ஸ்கினுக்கு வயது 39.

அப்போது முதன்மை அமைச்சர் பொப்பிலி ராஜா ராமகிருஷ்ண ரங்கராவ். அவரும் பரம்பரைச் சொத்தோடு பிறந்தவர், கவர்னரைவிட இளையவர். நீதிக்கட்சியின் செல்வாக்கு சரிந்துகொண்டிருந்தது. 1934 இறுதியில் நடந்த மத்திய சட்டசபைத் தேர்தலில் ஆர். கே. சண்முகம் செட்டியார் போன்ற பெரிய புள்ளியே தோற்றார். 1937 தொடக்கத்தில் எர்ஸ்கின் லண்டனுக்கு எழுதியவற்றில் இந்தச் சரிவு தெளிவாகப் பதிவாகியிருக்கிறது: கடந்த 15 ஆண்டுகளின் குறைகள் அத்தனைக்கும் நீதிக்கட்சியே காரணம் என்று குடியானவர்கள் கருதுகிறார்கள் என்று அவர் தெரிவித்தார். தன் அரசோடு ஒத்துழைத்த கட்சியைப் பற்றி இப்படி உள்ளதை உள்ளபடி எழுத ஒரு கவர்னருக்குத் தெளிவு வேண்டும்.

1936 ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம்வரை அவர் விடுப்பில் இருந்தபோது கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தற்காலிகக் கவர்னராக இருந்தார். 1934இல் முகமது உஸ்மானுக்குப் பிறகு சென்னையில் அந்த நாற்காலியில் அமர்ந்த இரண்டாவது இந்தியர் அவர்.

1937

பிப்ரவரித் தேர்தலில் 215 இடங்கள் கொண்ட சட்டசபையில் காங்கிரஸ் 159 இடங்களை வென்றது. நீதிக்கட்சிக்குக் கிடைத்தவை 18. பொப்பிலி ராஜா தன் சொந்தத் தொகுதியிலேயே வி. வி. கிரியிடம் தோற்றார். ஆட்சி அமைக்க வேண்டிய காங்கிரஸ் ஒரு நிபந்தனை வைத்தது. புதிய சட்டம் கவர்னருக்கு ‘சிறப்புப் பொறுப்புகள்’ என்ற பெயரில் அமைச்சரவையை மீறும் அதிகாரத்தைத் தந்திருந்தது. அதை அன்றாட ஆட்சியில் பயன்படுத்துவதில்லை என்று உறுதி தந்தால்தான் பதவி ஏற்போம் என்றார்கள். சட்டத்தில் எழுதியிருப்பதை ஒரு கவர்னர் வாய்மொழியாகத் துறந்துவிட முடியாது. பேச்சு முறிந்தது.

எர்ஸ்கின் முதலில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியை அழைத்தார், அவர் மறுத்துவிட்டார். பிறகு கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் ஒரு சிறுபான்மை அமைச்சரவை ஏப்ரல் 1இல் பதவியேற்றது. சட்டசபையைக் கூட்டியிருந்தால் அன்றே கவிழ்ந்திருக்கும். ஜூனில் வைஸ்ராய் லின்லித்கோ, கவர்னர்கள் அமைச்சர்களின் அன்றாட வேலையில் குறுக்கிட மாட்டார்கள் என்ற பொருளில் விளக்கம் தந்தார். ஜூலையில் வார்தாவில் கூடிய காங்கிரஸ் காரியக் கமிட்டி பதவி ஏற்க இசைந்தது. ஜூலை 14இல் ராஜாஜி முதன்மை அமைச்சரானார்.

கவர்னருக்கு 42 வயது, ராஜாஜிக்கு 58. ஒருவர் ஸ்காட்லாந்து ஏர்லின் வாரிசு, மற்றவர் சிறைக்குப் போய்வந்த சேலத்து வக்கீல். இவர்கள் முட்டிக்கொள்வார்கள் என்றே பலர் எதிர்பார்த்திருப்பார்கள். நடந்தது வேறு. சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபர் 1இல் தொடங்கிய மதுவிலக்கு, 1938இன் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1939இன் விற்பனை வரி என்று அடுத்தடுத்து வந்த சட்டங்கள் கவர்னரின் தடையின்றி நிறைவேறின. எர்ஸ்கின் ராஜாஜியைத் தன்னைவிடப் பெரிய பழமைவாதியாகக் கண்டார். தானாவது இருபது ஆண்டுகள் பின்னால் போக ஆசைப்படுபவன், இவர் இரண்டாயிரம் ஆண்டுகள் பின்னால் போய் அசோகர் காலத்து ஆட்சியைக் கொண்டுவர நினைக்கிறார் என்ற கருத்தில் வைஸ்ராய்க்கு எழுதினார். அந்தக் கிண்டலுக்குள் மதிப்பு இருக்கிறது.

1938 ஜூன் 16இல் சென்னை வானொலி நிலையத்தை எர்ஸ்கின் தொடங்கிவைத்தார். 1939 ஜூலை 8இல் மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைந்தார்கள். உடன் சென்றவர்களும் கோவில் அதிகாரிகளும் வழக்குகளில் சிக்காதபடி பாதுகாக்க ராஜாஜி அரசு விரைந்து சட்ட ஏற்பாடு செய்தது. முதலில் கவர்னரின் பெயரில் அவசரச் சட்டமும், அதைத் தொடர்ந்து கோவில் நுழைவு அங்கீகாரச் சட்டமும் வந்தன.

இந்தி

எர்ஸ்கின் காலத்தின் கடினமான பக்கம் இதுவே. 1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டது. மறியல், ஊர்வலம், கைது என்று மாகாணம் கொதித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர், பெரியாரும் தண்டிக்கப்பட்டார். சிறைவாசத்தின்போது நோயுற்ற நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிரிழந்தனர். வெள்ளைக்காரன் சட்டம் என்று காங்கிரஸ் முன்பு எதிர்த்த குற்றவியல் திருத்தச் சட்டத்தையே ராஜாஜி அரசு போராட்டக்காரர்கள்மேல் ஏவியது.

கட்டாய இந்தி பெரும்பாலான மக்களின் விருப்பத்துக்கு எதிரானது என்று எர்ஸ்கின் வைஸ்ராய்க்கு எழுதியிருக்கிறார். இருந்தும் அமைச்சரவை இருந்தவரை அவர் அதில் கைவைக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் தவறைத் திருத்த வேண்டியவர்கள் தேர்ந்தெடுத்த மக்களே, கவர்னர் அல்ல என்ற ஏற்பாட்டை அவர் மதித்தார் என்று இதைப் படிக்கலாம். சிறையில் செத்தவர்களின் குடும்பங்களுக்கு அந்த நியாயம் ஆறுதல் ஆகாது. இரண்டையும் சேர்த்தே எழுதுவதுதான் நேர்மை.

1939 செப்டம்பரில் இந்தியத் தலைவர்களைக் கேளாமலே இந்தியா போரில் சேர்க்கப்பட்டது. அக்டோபர் இறுதியில் ராஜாஜி அமைச்சரவை விலகியது. 1935 சட்டத்தின் 93ஆவது பிரிவின்படி ஆட்சி கவர்னர் கைக்கு வந்தது. 1940 பிப்ரவரி 21இல் கட்டாய இந்தியை நீக்கி, விருப்பப் பாடமாக்கும் அறிவிப்பை எர்ஸ்கின் வெளியிட்டார். மூன்று வாரத்தில், மார்ச் 12இல், பதவிக்காலம் முடிந்தது. ஆர்தர் ஹோப் அடுத்த கவர்னராக வந்தார்.

எல்லைக்கு இப்பால்

சென்னை மாகாணத்தின் எல்லைக்கு வெளியே இருந்த, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்துக்காரர்களுக்கு எர்ஸ்கின் என்றும் ஆட்சியாளராக இருந்ததில்லை. குழித்துறை ஆறு கடலில் கலக்கும் இந்த ஊர், விளவங்கோடு வட்டத்தோடு சேர்ந்து திருவிதாங்கூரில் இருந்தது. ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே இருந்த பூமி இவர்களுக்குப் ‘பாண்டி’. இங்கே சித்திரைத் திருநாள் மகாராஜா, 1936 முதல் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர், சக்கரம் என்ற காசு, அஞ்சல் என்ற தனித் தபால். 1923 வரை திருவிதாங்கூரைக் கண்காணித்தது சென்னை அரசுதான். அதன்பின் அந்தத் தொடர்பு நேரடியாக டெல்லிக்குப் போய்விட்டது. ஆகவே எர்ஸ்கினுடைய உத்தரவு எதுவும் ஆரல்வாய்மொழியைத் தாண்டி வந்ததில்லை. எதிர்த்திசையில் ஒரு செய்தி போனது. 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மகாராஜா வெளியிட்ட கோவில் நுழைவுப் பிரகடனம், மூன்று ஆண்டுகள் கழித்து மதுரையில் நடந்ததற்கு முன்மாதிரி ஆனது. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. எர்ஸ்கின் இறந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

இறுதிக்காலமும் மதிப்பீடும்

ஊர் திரும்பிய எர்ஸ்கின் 1940 மே மாதம் பிரைட்டன் தொகுதியில் வென்று மீண்டும் மக்கள் சபைக்குப் போனார். 1941இலேயே விலகினார், அதன்பின் தேர்தல் அரசியலுக்கு அவர் திரும்பவில்லை. 1953 மே 3இல், 58ஆம் வயதில் இறந்தபோது தந்தை உயிரோடிருந்தார். 1955இல் முதியவரும் மறைந்த பின் மார், கெல்லி பட்டங்கள் இரண்டும் எர்ஸ்கினின் மூத்த மகனுக்குப் போய்ச் சேர்ந்தன. பிரபு என்று ஆயுள் முழுக்க அழைக்கப்பட்டவர் ஒருநாளும் பிரபுக்கள் சபையில் அமரவில்லை.

விடுதலையின் தோழர் என்று அவரைச் சொல்ல முடியாது. பேரரசின் ஊழியர் அவர், அதை மறைத்ததும் இல்லை. சட்டம் தந்த மிகையான அதிகாரத்தை இரண்டேகால் ஆண்டுகள் அமைச்சரவைக்கு எதிராகத் தூக்காமல் வைத்திருந்ததே அவருடைய பெரிய பணி. கவர்னரும் முதலமைச்சரும் மோதும்போதெல்லாம் 1937–39 காலத்துச் சென்னையை எடுத்துப் படிப்பது இரு தரப்புக்கும் நல்லது.

மதுரையின் அரசு மருத்துவமனைக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கியபோதும் அது எர்ஸ்கின் ஆஸ்பத்திரிதான். பின்னாளில் பெயர் மாறியது. இன்று தென்மாவட்டத்து நோயாளிகள் வந்து இறங்கும் அந்த வாசலில் இருப்பது அரசு ராஜாஜி மருத்துவமனை என்ற பெயர்.