தண்டவாளம் போட்டவர் யார்?



பரிசளிப்பு விழாவென்றால் பிள்ளைகள் கையில் புத்தகம் இருக்கும். ஆகவே புத்தகங்களைப் பற்றியே நாலு வார்த்தை சொல்கிறேன். அதுவும் இரயில் வரலாற்றுப் புத்தகங்களைப் பற்றி. "நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். நிறையவே இருக்கிறது.

இங்கிலாந்தில் வைலம் என்ற ஊரில் 1781-இல் பிறந்தவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இயந்திரத்துக்குக் கரி அள்ளிப் போட்டவர். மகனுக்கோ 18 வயது வரை எழுத்து வாசனையே கிடையாது. வேலை முடிந்து வந்து, தன் கூலியில் சம்பளம் கட்டி, இரவுப் பள்ளியில் படித்தார். அவரே 1825-இல் ஸ்டாக்டன் - டார்லிங்டன் இரயில் பாதையை அமைத்தார். 1829-இல் அவரும் மகன் ராபர்ட்டும் செய்த 'ராக்கெட்' வண்டி ரெயின்ஹில் போட்டியில் 500 பவுன் பரிசைத் தட்டிக்கொண்டு வந்தது. 1857-இல் சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பவர் இவர் வரலாற்றை நூலாக எழுதினார். எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் அதைப் படித்து ஊக்கம் பெற்றார்கள்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். பொறியாளர் ஒருவர்; மண்வெட்டி பிடித்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். மலையைக் குடைந்ததும் மேடு கட்டியதும் அந்தக் கைகள்தானே? அவர்களை முழுப் பொருளாக வைத்து டெரி கோல்மன் ஒரு நூல் எழுதியது 1965-இல். அதே ஆண்டு ஜார்ஜ் ஆட்லி என்ற நூலகர், பிரிட்டிஷ் இரயில் வரலாற்று நூல்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். பட்டியல் மட்டுமே ஒரு தடித்த புத்தகம்! எழுதி வைப்பதில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை.

இனி நம்ம நாட்டுக்கு வருவோம். ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோகத் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் இரயில் ஓடியது 1885 ஜூன் 1-ஆம் தேதி. தூரம் சுமார் 8 மைல்தான். அந்தப் பாதை போட இலங்கையிலிருந்து ஆட்களைக் கொண்டாந்தார்கள். 1886-இல் கோலாலம்பூர் - கிள்ளான் பக்கம் பாதை வந்தது. 1901-இல் கூட்டு மலாய் மாநில இரயில்வே உருவானது. அதன் முதல் பெரிய அதிகாரி ஸ்பூனர் துரை. ஆண்டும் மைலும் துரைமார் பெயரும் தேடினால் கிடைக்கின்றன. சிலீப்பர் கட்டை சுமந்த, கருங்கல் உடைத்த தமிழர்களின் பெயர் கிடைப்பதுதான் அரிது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1942-43-இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்களை அதற்கு அள்ளிக்கொண்டு போனார்கள். நம் கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். காய்ச்சலிலும் பசியிலும் ஆசியத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அங்கே இறந்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் வெட்டிய கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்க் கல் கிடையாது. எழுதி வைக்க ஆளில்லை. எழுதத் தெரிந்தவர்களும் எழுதவில்லை.

மாணவர்களே, இது உங்களுக்கான வேலை. இன்று வீட்டுக்குப் போனதும் தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து, "உங்க அப்பா என்ன வேலை பார்த்தாங்க? எந்த ஊரிலிருந்து வந்தாங்க? சயாமுக்குப் போனவங்க யாராச்சும் உண்டா? திரும்பி வந்தாங்களா?" என்று கேளுங்கள். பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பிழை இருந்தால் பரவாயில்லை, என்னிடம் கொண்டு வாருங்கள், திருத்தித் தருகிறேன்.

பெற்றோர்களே, பிள்ளை கேட்கும்போது "போடா, அதெல்லாம் பழைய கதை" என்று விரட்டாதீர்கள். 18 வயதில் எழுத்துக் கற்றவர் உலகத்துக்கே பாதை போட்டார். உங்கள் பிள்ளைக்கு ஏழு வயதிலேயே எழுத்துத் தெரியும். தன் பூட்டன் பெயரையாவது அவன் எழுதி வைக்கட்டும்.